என் பெண்டாட்டி கேட் பார்த்த பதினெட்டு நாள்

முப்பத்தோரு வயது வரைக்கும் என் வாயில் ‘முடியாது’ என்ற சொல் வந்ததே இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, வெட்கத்தோடுதான் சொல்கிறேன். யார் எதைக் கேட்டாலும் என் தலை தானாக ஆடிவிடும். ஆடி முடிந்த பிறகுதான், ஐயோ, இதற்கு ஏன் ஒத்துக்கொண்டோம் என்று தோன்றும். இப்படிப்பட்ட ஆளுக்கு ரயில்வேயில் கொடுத்த வேலை என்ன தெரியுமா? லெவல் கிராசிங்கில் கேட் மூடுகிற வேலை.

வெள்ளைக்காரன் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்துக்கும் தண்டையார்ப்பேட்டைக்கும் நடுவில், துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் லைன் ஓர் இடத்தில் சாலையைக் கடக்கும். அங்கேதான் நான் இருந்தேன். லைனுக்கு இந்தப் பக்கம் இரண்டு இரும்புக் கதவு, அந்தப் பக்கம் இரண்டு. சிக்னல் கேபினிலிருந்து மணி அடித்தால் நான்கையும் தள்ளி மூடிப் பூட்டுப் போட்டுவிட்டு, பச்சைக் கொடியோடு நிற்க வேண்டும். வண்டி போனதும் திறந்துவிட வேண்டும். பக்கத்திலேயே ஓடு போட்ட ஒற்றை ரூம் ஒன்றை எனக்கும் என் பெண்டாட்டிக்கும் குடியிருக்கக் கொடுத்திருந்தார்கள். வேலை இருக்கும் வரைதான் அந்த ரூம். எங்களுக்குப் போக வேறு இடம் கிடையாது.

மணி அடித்து நான் கதவில் கை வைத்ததும் ஆரம்பித்துவிடும்.

“நைனா, ஒரே ஒரு வண்டி! இந்தா வந்துகினே கீறேன்!”

காசிமேட்டிலிருந்து வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டுக்கு மீன் கூடையோடு ஓடிவரும் பொம்பளைகள், தோல் மண்டி மாட்டுவண்டிக்காரர்கள், சவுக்குக் கட்டை ஏற்றிய கைவண்டிக்காரர்கள், சோத்து நேரத்துக்கு வீடு போய்விட்டுத் திரும்பும் ஒர்க்‌ஷாப் ஆட்கள் எல்லாருக்கும் அவசரம். எனக்கு அவர்கள் முகம் வாடக் கூடாது. ஒருவரை விட்டால் அடுத்தவர் சும்மா இருப்பாரா? அவனை மட்டும் விட்டாயே என்பார். அவரையும் விடுவேன். இன்ஜின் புகை கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, வாங்க வாங்க என்று கல்யாண வீட்டு வாசலில் நிற்பவன் மாதிரி நின்றுகொண்டிருப்பேன். போகும்போது ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள்: “தங்கமான மனுசன்யா நீ!” அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் உயிரையே கொடுத்துக்கொண்டிருந்தேன். என் உயிரை மட்டும் கொடுத்திருந்தால் பரவாயில்லை. ஊரான் உயிரையும் சேர்த்துக் கொடுக்கப் பார்த்தேன்.

ஒருநாள் பருத்திப் பொதி ஏற்றிய மாட்டுவண்டி ஒன்றை அப்படித்தான் விட்டேன். வண்டிச் சக்கரம் தண்டவாளச் சந்தில் மாட்டிக்கொண்டது. கூட்ஸ் வந்துவிட்டது. நான் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு லைனில் ஓடினேன். டிரைவர் பிரேக்கைப் போட்ட சத்தம் இன்றைக்கும் என் பல்லைக் கூசவைக்கிறது. மாட்டு மூக்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில் நாலு முழம் இருந்திருக்கும். அன்று சாயங்காலமே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். கத்தவில்லை. “இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலையும் கிடையாது, ரூமும் கிடையாது. மனுஷன் செத்திருந்தால் உனக்கு ஜெயில்” என்று மட்டும் சொன்னார். நான் அதற்கும் தலையாட்டினேன்.

திருந்தினேன் என்று நினைக்கிறீர்களா? மறுநாளே இரண்டு மீன்காரிகளை விட்டேன்.

அந்த வாரத்திலேயே காலில் மாட்டு லாடத்தின் ஆணி ஏறிவிட்டது. ஆணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். மூன்றாம் நாள் பாதம் வீங்கிப் பலாக்காய் ஆகிவிட்டது. காலைக் கீழே வைக்க முடியவில்லை. ரயில்வே டாக்டர் கீறிக் கட்டுப் போட்டு, படுத்துக் கிட என்று சொல்லிவிட்டார். லீவு போட்டால் வேறு ஆளைப் போடுவார்கள். அவனை அங்கேயே வைத்துக்கொண்டால் என் கதி என்ன? எனக்குப் பயம். அந்தக் காலத்தில் கேட்காரனுக்கு உடம்பு சரியில்லையென்றால் அவன் பெண்டாட்டி பகலில் பார்த்துக்கொள்வது உண்டு. மேலே இருப்பவர்களும் கண்டும் காணாத மாதிரி இருந்துவிடுவார்கள். இரவில் பார்க்கக் கேபினிலிருந்து ஒரு ஆள் வருவதாக ஏற்பாடாயிற்று.

“நான் பாத்துக்கிறேன்யா. நீ படு” என்றாள் என் பெண்டாட்டி.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லி உடம்பு. உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, அப்போதுதான் முதன்முதலாக நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். இந்தச் சண்டைக்கார ஜனத்திடம் இவள் என்ன செய்யப்போகிறாள், பத்து நிமிஷத்தில் அழுதுகொண்டு உள்ளே வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கட்டிலை ஜன்னலோரமாக இழுத்துப் போடச் சொல்லி, அங்கிருந்தே குரல் கொடுக்கலாம் என்று படுத்துக்கொண்டேன்.

மணி அடித்தது. அவள் போய் நான்கு கதவையும் மூடினாள். பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வண்டி இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. எனக்கு உள்ளே பதறுகிறது: அடிப்பாவி, இவ்வளவு சீக்கிரமாகவா மூடுவார்கள்!

முதலில் வந்தவள் காசிமேட்டு மீன்காரம்மா. அந்தக் கூட்டத்துக்கே அவள்தான் தலைவி. அவள் குரலுக்குப் போலீஸ்காரனே ஒதுங்கிப் போவான்.

“இன்னாமே, பூட்டிக்கினு நிக்கிற? தொற மே! வண்டியே காணோம், மீனு நாறிடும்!”

“தொறக்க மாட்டேங்கா.”

“ஏன்?”

“தொறக்க மாட்டேங்கா.”

“உன் வூட்டுக்காரு தொறப்பாரே!”

“அவரு தொறப்பாரு. நான் தொறக்க மாட்டேன்.”

கோபமில்லை. கெஞ்சலும் இல்லை. சோறு ஆகிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். மீன்காரம்மா ஆரம்பித்தாள் பாருங்கள், என் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்து! நான் கட்டிலில் கிடந்தபடி காதைப் பொத்திக்கொண்டேன். என் பெண்டாட்டி நின்று கேட்டாள். முழுவதையும் கேட்டாள். மீன்காரம்மா மூச்சு வாங்க நிறுத்தியபோது, “வெயிலு சுள்ளுனு கீதுக்கா. கூடையை எறக்கு, குந்து. தண்ணி தரவா?” என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், மீன்காரம்மா கூடையை இறக்கினாள். உட்கார்ந்தாள். தண்ணீரும் வாங்கிக் குடித்தாள். கூட்ஸ் வந்தது, போனது. கதவு திறந்தது. “வரேன்மே” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் வாயைப் பிளந்தபடி கிடந்தேன். மறுத்த கையாலேயே தண்ணீர் கொடுக்க முடியுமா? மறுத்தால் பகை, ஒத்துக்கொண்டால் உறவு என்றல்லவா நான் நினைத்திருந்தேன்! இப்படி ஒரு மூன்றாவது வழி இருப்பதை யாருமே எனக்குச் சொல்லவில்லையே!

பதினெட்டு நாள் அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேடிக்கை பார்க்கிறவன் திருவிழாவைப் பார்ப்பது போல விடாமல் பார்த்தேன். அவள் யாரிடமும் காரணம் சொல்லவே இல்லை. நானாக இருந்தால் மறுக்க நேர்ந்த ஒன்றிரண்டு சமயங்களில்கூட, இன்ஸ்பெக்டர் அதோ நிற்கிறார், சாவி மாட்டிக்கொண்டது என்று ஏதாவது புளுகுவேன். அவளோ புளுகவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. தோல் மண்டிக்காரர் ஒருவர் தன் குதிரை வண்டியிலிருந்து இறங்காமலே, “நான் யாருன்னு தெரியுமாம்மா?” என்றார். “தெரியாதுங்களே” என்றாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியாது. அவர் சிரித்துவிட்டார்.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, ஒரு பிண ஊர்வலம் வந்தது. பெரிய சாவு. மேளம், பூப்பல்லக்கு, பின்னால் இருநூறு பேர் இருக்கும். மணி அடித்துக் கதவு பூட்டியாகிவிட்டது. நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். “தொறந்துடுடீ!” என்று உள்ளிருந்து கத்தினேன். ஆமாம், நான்தான் கத்தினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் முன்னால் வந்து, பிணம் நடுவழியில் நிற்கக் கூடாது தாயீ, குடும்பத்துக்கு ஆகாது என்றார். இளவட்டங்கள் கதவை உலுக்க ஆரம்பித்தார்கள்.

“ரயிலு வந்துகினு கீது நைனா. போயிட்டதும் தொறக்கிறேன்” என்றாள். அப்புறம் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பூப்பல்லக்கைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். சும்மா கண்துடைப்புக்கு இல்லை. கண்ணை மூடி, தலை குனிந்து, தன் சொந்தத்துக்குக் கும்பிடுவது போல.

மேளக்காரன் அடிப்பதை நிறுத்தினான். ஏன் நிறுத்தினான் என்று எனக்குத் தெரியாது. உலுக்கிய கைகளும் நின்றன. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் தடதடவென்று வந்தது. அது போகிற வரைக்கும் இருநூறு பேரும் வாய் திறக்காமல் நின்றார்கள்.  இவள் யார்? ஏழு வருஷம் என் பக்கத்தில் படுத்தவளா? எனக்குச் சோறு போட்டவளா? கோயிலில்கூட எனக்கு அப்படி ஒரு பயபக்தி வந்ததில்லை.

மறுநாள் ஜன்னலுக்கு வெளியே மீன்காரிகள் உட்கார்ந்து வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே படுத்திருப்பது அவர்கள் ஞாபகத்தில் இல்லை. “பொணத்தையே நிக்க வெச்சுட்டா. நம்ம கூடை எம்மாத்திரம்?” என்றாள் ஒருத்தி. அதற்கு மீன்காரம்மா சொன்னாள்: “இவதான் கேட்டு பாக்கிறா. இவ புருசன் கீறானே, அது ஒரு சந்தைக் கதவு. யார் தள்னாலும் தொறக்கும்.” எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அழுதேன். மறைப்பானேன்? எத்தனை நாள் இவர்களுக்காக வேலையையும் வீட்டையும் பணயம் வைத்திருந்தேன்! தங்கமான மனுசன் என்று முகத்துக்கு நேரே சொன்ன அதே வாய். அவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. அழுது முடித்ததும், மீன்காரம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே என்றும் தோன்றியது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். “எப்டிமே உன்னால முடியுது?”

“இன்னா எப்டி? மணி அடிக்குது, மூட்றேன். அவ்ளோதான். ரசம் ஊத்தவா?” என்றாள். அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் பெயரவில்லை. அவளுக்கே அது ஒரு விஷயமாகத் தெரியவில்லை.

கால் ஆறி நான் மறுபடி வேலைக்குப் போனேன். அவளைப் போலவே செய்வது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனேன். முதல் மணி அடித்தது, மூடிப் பூட்டினேன். சவுக்குக் கட்டை வண்டிக்காரன் ஒருவன் வந்து, “நைனா, வந்துட்டியா! அந்தம்மா பெரிய பேஜாரு. தொற” என்றான்.  “இன்ஸ்பெக்டர் நிக்கிறாரு” என்றேன். “எங்க நிக்கிறாரு?” என்று எட்டிப் பார்த்தான். “அங்கதான் எங்கயோ” என்றேன். “யாரையும் காணோமே, தொற.” திறந்துவிட்டேன்! ரூம் வாசலில் நின்ற என் பெண்டாட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். அதுதான் எனக்குச் சவுக்கடி.

மறுநாள் அதே வண்டிக்காரன் வந்தான். இந்தத் தடவை நான் காரணத்தைத் தேடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, “தொறக்க மாட்டேன்!” என்றேன். சாதாரணமாகச் சொல்ல நினைத்ததுதான். அது தொண்டையிலிருந்து அலறலாக வந்து, பக்கத்தில் நின்ற மாடு மிரண்டு பின்வாங்கியது.  இப்போது அடிப்பான், காறித் துப்புவான் என்று காத்திருந்தேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “சரி, அதுக்கு ஏன் கத்துற?” என்று சொல்லிவிட்டு, வண்டி நுகத்தில் சாய்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்தான்.

அவ்வளவுதான்! வானம் இடிந்து விழவில்லை. முப்பத்தோரு வருஷமாக எதற்குப் பயந்தேனோ அது ஒரு பீடியோடு முடிந்துபோயிற்று. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அன்று ஏழு பேரை மறுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குரலும் இறங்கிச் சரியாயிற்று.

இப்படி ஐந்து மாதம் ஓடியது. அவளுக்கு ஒன்பது மாதம் நிறைந்தது. முதல் பிரசவம், உடம்பில் ரத்தம் இல்லை, வலி எடுத்தால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதே, உடனே கொண்டு வந்துவிடு என்று ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் கண்டித்துச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி லைனுக்கு அந்தப் பக்கம், எங்கள் ரூம் இந்தப் பக்கம்.

காலை பதினொரு மணி இருக்கும். மணி அடித்து நான் மூடிப் பூட்டிவிட்டுத் திரும்பினால், ரூமுக்குள்ளிருந்து சத்தம். மார்க்கெட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மீன்காரம்மாதான் முதலில் உள்ளே ஓடினாள். அவளே தெருவுக்கு ஓடிப்போய் ஒரு கைரிக்‌ஷாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நானும் அவளுமாக என் பெண்டாட்டியைத் தூக்கி அதில் உட்கார வைத்தோம். பாவாடையில் ரத்தம். பனிக்குடமும் உடைந்திருந்தது. நிற்கவே முடியாதவளை எங்கே நடத்திக் கொண்டுபோவது? ரிக்‌ஷாக்காரன் கதவுக்கு முன்னால் வந்து நின்றான்.

கூட்ஸ் வளைவில் தெரிந்துவிட்டது.

“தொற நைனா!” என்றாள் மீன்காரம்மா. நான் கொடியைப் பிடித்தபடி நின்றேன். “யோவ், உன் பொஞ்சாதிய்யா! தொறய்யா! தோ, ஒரே ஓட்டத்துல போயிடுவான்!” ரிக்‌ஷாக்காரனும் கெஞ்சினான். காத்திருந்த வண்டிக்காரர்கள், மீன்காரிகள், ஒர்க்‌ஷாப் ஆட்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். எத்தனையோ நாள் தங்களுக்காகக் கேட்ட அத்தனை பேரும் அன்றைக்கு எனக்காகக் கேட்டார்கள். தொற, தொற, தொற. நான் அவளைப் பார்த்தேன். முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் கேட்கவில்லை. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

என் மனசு என்னென்ன சொன்னது என்று இப்போது எழுத முடியவில்லை. ஏழு வருஷம் காத்துக் கிடைத்த பிள்ளை. அவள் இல்லாத ரூமை ஒரு நொடி பார்த்தேன். அதே நொடியில், சந்தில் சக்கரம் மாட்டிக்கொண்டு நின்ற அந்தப் பருத்தி வண்டியையும் பார்த்தேன். அதில் பொதிக்குப் பதில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“தொறக்க மாட்டேன்” என்றேன்.

குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. அது யார் குரல் என்று எனக்கே புரியவில்லை. மீன்காரம்மா மண்ணை வாரி என் மேல் இறைத்தாள். “நீ மனுசனா? கல்லுய்யா நீ!” என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். கூட்ஸ் வந்தது. துறைமுகத்துக்கு முன்னால் எப்போதும் செய்வது போல அன்றைக்கும் மெதுவாகி, சாலையை அடைத்துக்கொண்டு நின்றேவிட்டது. என் பெண்டாட்டி அலறுகிறாள். நான் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அசைந்தது, போயிற்று. நான் திறந்தேன். ரிக்‌ஷா பறந்தது, மீன்காரம்மா பின்னாலேயே ஓடினாள். என்னால் போக முடியாது. அடுத்த மணி அடித்துவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்று அந்த ரிக்‌ஷாவை விட்டிருந்தால் அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. நேரம் இருந்தது. ஆனால் அந்த ‘அநேகமாக’ என்பதை நம்பித்தானே பருத்தி வண்டியையும் விட்டேன்?

சாயங்காலம் மாற்று ஆள் வந்ததும் ஓடினேன். வார்டு வாசலில் மீன்காரம்மா உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், “பொம்பளப் புள்ள. ரெண்டும் உசுரோட கீது” என்றாள். நான் அங்கேயே குந்திவிட்டேன். எழுந்து உள்ளே போக அரைமணி ஆயிற்று.

அவள் வெளுத்துப்போய்க் கிடந்தாள். பக்கத்தில் துணிச்சுருளில் குழந்தை. 

“கோவமா?” என்றேன்.

“இன்னாத்துக்கு?”

“தொறக்கலையே.”

 அவள் என் கையைத் தேடி எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

“நான் அந்தக் கொடியைப் புடிச்சிக்கினு நின்னு, நீ ரிக்சாவுல குந்திக்கினு இருந்தியானா, நான் தொறந்திருப்பேன்யா” என்றாள். “ரிக்சாவுல கெடந்தப்போ அதான் நெனச்சிக்கினு இருந்தேன். என்னால முடிஞ்சிருக்காதுன்னு.”